விதி ஒரு நிமிடம் முந்தி வந்தது

நாயகன் இன்னும் சாகவில்லை.

மேடையில் கால் வைத்த உடனே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. மல்லாந்து கிடக்க வேண்டிய மனிதர் விஷக் கோப்பையும் கையுமாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் நாயகி எழுதிய கடிதம்.

குடிநீர் வாரிய அலுவலகத்தின் ஆண்டு விழா நாடகம் அது. எழுதி இயக்கியவர் ஹெட் கிளார்க். காதலி வேறொருவனை மணந்துவிட்டாள் என்று நம்பி நாயகன் விஷம் குடிப்பான். அது பொய் என்று சொல்லும் கடிதத்தோடு தோழி ஒரு நிமிடம் பிந்தி ஓடி வருவாள். கடைசியில் நாயகி வந்து கத்தியால் குத்திக்கொண்டு அவன்மேல் விழுவாள். தோழி வேடம் இவளுக்கு. அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் தேதி முத்திரை குத்துகிறவள். அங்கே இவள் பெயரே தபால்தான்.

"நீதாம்மா விதி," என்றார் ஹெட் கிளார்க் முதல் ஒத்திகையில். "விதியை யாரும் ஜெயிக்க முடியாது. நீ லேட்டா வந்தாத்தான் கதை."

"ஆறு வருஷத்துல ஒரு தபாலைக்கூட நான் லேட்டாக்கினதில்ல சார்."

"அதெல்லாம் ஆபீஸ்ல வச்சுக்கோ. இங்க லேட்டு."

அவள் ஒப்புக்கொண்டது கலைக்காக அல்ல. நாயகன் வேடம் போட்டவர் குழாய் வரைபடங்கள் போடும் டிராஃப்ட்ஸ்மேன். நான்கு வருடமாகத் தினமும் அவள் மேஜையருகே வந்து, "எனக்குத் தபால் இருக்கா?" என்பார். "இல்ல சார்," என்பாள். அவ்வளவுதான் இருவரும் பேசியது. நாளை மறுநாள் அவர் மாற்றலாகி வேறு ஊர் போகிறார்.

ஒத்திகையிலாவது முகம் பார்த்துப் பேசலாம் என்று நினைத்தாள். நாலு வாரமும் அவள் ஓடி வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிச் செத்துக் கிடந்தார். அவர் இமைமேல் இருக்கும் சின்ன மச்சம்கூட அவளுக்கு மனப்பாடம். அவருக்கு இவள் கண் என்ன நிறம் என்றாவது தெரியுமா?

இன்றைக்கென்று முந்திக்கொண்டு வந்து நிற்கிறாள். திரை இழுக்கும் வாட்ச்மேன் 'போ' என்று கையசைத்தாரே? அசைத்தாரா, இல்லை தனக்குத்தான் அப்படித் தெரிந்ததா? மனசுக்கு அவசரம் வந்துவிட்டால் கண் எதையும் பார்க்கும்.

நாடகத்தில் அவளுக்கு இருந்தது ஒரே வசனம். பயத்தில் அதுவே வாயில் வந்தது.

"ஐயோ, ஒரு நொடி முந்தி வந்திருந்தால் இந்த உயிரைக் காப்பாற்றியிருப்பேனே."

"எந்த உயிரை?" என்றார் நாயகன்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"கையில் என்ன, பெண்ணே?"

"ஒன்றுமில்லை."

"கடிதம் போலிருக்கிறதே."

"இது வேறு வீட்டுக்கு. நீங்கள் ஆரம்பித்த காரியத்தை முடியுங்கள்."

"எந்தக் காரியம்?"

கோப்பையைக் கண்ணால் காட்டினாள். மனிதருக்கு இவ்வளவா மூளை மந்தம்? அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பக்கவாட்டுத் திரைக்குள்ளிருந்து ஹெட் கிளார்க்கின் குரல் சீறியது: "அவரைச் சாகச் சொல்லும்மா."

அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. கடிதத்தைப் பிரித்துப் படிப்பதுபோல் சொன்னாள்: "கெட்ட செய்தி. உங்கள் காதலிக்குக் கல்யாணம் ஆனது உண்மைதான். மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம்."

இதைக் கேட்டால் எந்தக் காதலனும் குடிப்பான். நாயகன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நன்றாக இருக்கட்டும்," என்றார். "நீ உட்கார். மூச்சு வாங்குகிறது பார்."

ஜனம் கைதட்டியது. உள்ளே கத்தியோடு காத்திருந்த நாயகிக்கு, அதாவது ஸ்டெனோவுக்கு, இதற்குமேல் பொறுக்கவில்லை. விடுவிடுவென்று மேடைக்கு வந்தாள்.

"யாருக்குடி கல்யாணம்? நான் இங்க கல்லு மாதிரி நிக்கறேன்."

ஆக, காதலனும் உயிரோடு, காதலியும் உயிரோடு, நடுவில் கடிதமும் நேரத்துக்கு வந்து சேர்ந்தாயிற்று. இனி இருவரும் சேர்ந்து குடித்தனம் பண்ணுவதைத் தவிர வழியில்லை. ஸ்டெனோ எதற்கும் இருக்கட்டும் என்று கத்தியைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். நாயகன் அதை வாங்கி, "கூர்மையானது, கையைக் கிழிக்கும்," என்று மேஜைமேல் வைத்தார்.

"யாராவது ஒருத்தர் செத்துத் தொலைங்க," என்று கெஞ்சினார் ஹெட் கிளார்க். இப்போது அது கடைசி வரிசைவரை கேட்டது.

எல்லாம் தன்னால். எந்தத் தபாலையும் கெடுக்காதவள், டிராஃப்ட்ஸ்மேன் ஊரை விட்டுப் போகிற நேரம் பார்த்து அவர் நாடகத்தைக் கெடுத்துவிட்டாள். சட்டென்று கோப்பையை எடுத்து, உள்ளே இருந்த சாயத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, தடாலென்று விழுந்தாள்.

அரங்கம் அடங்கியது. பக்கத்தில் யாரோ மண்டியிடும் சத்தம். அவள் தலை மெல்லத் தூக்கப்பட்டது.

"போகாதே," என்றது டிராஃப்ட்ஸ்மேனின் குரல். அது நாடகக் குரலாக இல்லை.

"தோழிக்கு எதுக்கு சார் இவ்வளவு அழுகை?" என்று ஸ்டெனோ முணுமுணுத்தாள்.

அவளுக்குக் கண்ணைத் திறக்க வேண்டும்போல் இருந்தது. செத்தவள் எப்படித் திறப்பாள்? எப்போதும் இருவரில் ஒருவர் கண்ணை மூடித்தான் ஆகவேண்டும் என்று எழுதியிருக்கிறது போலும். திரை விழுந்தது. விளக்குகள் போடுவதற்குள் தலைக்கு அடியிலிருந்த கை போய்விட்டது. தலைமைப் பொறியாளர் கூப்பிடுகிறார் என்று யாரோ அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எட்டுப் பக்கம் சோகம் எழுதினேன்," என்றார் ஹெட் கிளார்க் நாற்காலியில் சரிந்து. "பொறியாளர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறார்."

"என்னைச் சாகவே விடல," என்றாள் ஸ்டெனோ.

திரைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் போய் நின்றாள் தோழி. உதட்டில் சிவப்புச் சாயம் காய்ந்திருந்தது.

"தப்பு என்னுதுதான் அண்ணே. நீங்க கையசைக்கறதுக்கு முன்னாடியே ஓடிட்டேன். உங்களை யாராவது திட்டினா என் பேரைச் சொல்லிடுங்க."

வாட்ச்மேன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கை அசைச்சது நான்தாம்மா. முன்னாடியே அசைக்கச் சொன்னது டிராஃப்ட்ஸ்மேன் சார். நாலு வாரமா நீ வர்றப்பல்லாம் செத்துச் செத்துக் கிடந்தாராம், இன்னிக்கு ஒரு நாளாவது உசிரோட இருந்து உன்னைப் பாக்கணும்னார்."