பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு புலி

தன்னை அறிவாளி என்று நம்புகிறவனைக் கவிழ்க்க எதிரி தேவையில்லை. கொஞ்ச நேரம் பேசவிட்டால் போதும்.

அப்போது நான் ஒரு நாளிதழில் புதிர்ப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து மணலூர்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். கலைச்செல்வியின் புகைப்படத்தைப் பார்த்தபோதே எனக்குச் சம்மதம். அவளுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

என் தாய்மாமன் கேசரியை விழுங்கிவிட்டு, "பையன் பெரிய அறிவாளிங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். நான் நிரூபிக்கப் புறப்பட்டேன்.

"ஒருத்தன்கிட்ட ஒரு புலி, ஒரு ஆடு, ஒரு புல்லுக்கட்டு இருக்கு. ஆத்தைத் தாண்டணும். படகுல ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் ஏத்தலாம். அவன் பக்கத்துல இல்லன்னா புலி ஆட்டைத் தின்னுடும், ஆடு புல்லைத் தின்னுடும். எப்படிப் போவான்?"

பெண்ணின் அப்பா, கரும்பு விவசாயி, தீவிரமாக யோசித்தார்.

"எந்த ஆறு தம்பி? நம்ம பெண்ணையாறா?"

"ஏதோ ஒரு ஆறுங்க."

"பெண்ணையாறுன்னா படகே வேணாம். மூணையும் இட்டுக்கினு நடந்தே போயிடலாம்."

பெண்ணின் சித்தப்பா குறுக்கிட்டார். "அது கெடக்கட்டும்ணே. புலிய இன்னாத்துக்கு இட்டுக்கினு போறான்? வூட்ல புலிய வெச்சிக்கினு எவனாவது ஆடு வளப்பானா?"

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. (அவள்தான்.) மானத்தைக் காப்பாற்ற நானே விடை சொல்லத் தொடங்கினேன்.

"முதல்ல ஆட்டை அக்கரையில விடுவான். திரும்பி வந்து புலியை..." அங்கே ஆடு இருந்தது. "சரி, புல்லை..." அங்கேயும் ஆடுதான் இருந்தது.

எங்கள் நாளிதழில் விடையை அடுத்த வாரம்தான் தலைகீழாக அச்சிடுவோம். இங்கே அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மாமா தொடையைக் கிள்ளினார்: "எதையாவது சொல்லுடா!"

"தெரியலைங்க. மறந்துட்டேன்" என்றேன். வீடே சிரித்தது. வேறு வழி தெரியாமல் நானும் சிரித்தேன்.

திரும்பும் பேருந்து கள்ளக்குறிச்சி நிலையத்தில் நுழையும்போது மாமாவின் கைப்பேசி ஒலித்தது. பெண்ணுக்குச் சம்மதமாம்.

கல்யாணத்துக்குப் பிறகு கல்வராயன் மலைக்குப் போன பேருந்தில் அவளிடம் காரணம் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு அப்பாவுக்கே கரும்புக்கு இன்னா உரம் போடணும்னு பாடம் எடுத்தாரு. இன்னொருத்தரு எதக் கேட்டாலும் தெரியும்னாரு. நீங்கதான் தெரியலன்னீங்க. அதுக்கப்புறம் சிரிச்சீங்க வேற. இந்தாளோட ஒரே வூட்ல பொழச்சிக்கலாம்னு தோணிச்சு."

இப்போது எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன பரீட்சையில் ஒரு கேள்விக்கு, "தெரியலைங்க டீச்சர்" என்று மரியாதையாக எழுதியிருக்கிறாள். அதற்கு மதிப்பெண் பூஜ்யம். மாமனார் அந்தத் தாளைத் தெரு முழுக்கக் காட்டினார்:

"பாத்தியாடா எங்க பேத்திய? அப்பன மாரியே அறிவாளி!"