பதினேழாம் இலக்க நெத்தலி

2025 ஓகஸ்ட் 7, வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, கீரிக் கடற்கரையில் காய்ந்துகொண்டிருந்த மாக்கிறட்டின் நெத்தலியைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டிருந்தது. முன்னால் ஒரு பலகை: 17. அதற்குக் கீழே, 'தயவுசெய்து தொட வேண்டாம்.'

மன்னாரில் அந்தக் கிழமை சர்வதேசக் கலைவிழா. பழைய கட்டடங்களிலும் கடற்கரையிலும் இருபது படைப்புகளை இலக்கம் போட்டு வைத்திருந்தார்கள். செலவை ஏற்றது ஒரு ஹோட்டல் கம்பனி. மாக்கிறட்டும் வேறு ஆறு குடும்பங்களும் மீன் காயவிடும் அரச காணியைக் குத்தகைக்கு எடுத்திருந்ததும் அதே கம்பனிதான். திங்கட்கிழமை வேலி வரும். அதுவரை கிடைக்கும் மீனைக் காயவிட்டு எடுக்கலாம். அதற்குப் பிறகு எங்கே போவதென்று ஏழு குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

கயிற்றருகே மில்ரன் நின்றான். அவனுடைய மனைவி டினோஜாவும் அதே மணலில்தான் மீன் காயவிடுகிறாள். ஆனால் கம்பனியின் காவல் உடுப்பை அவன் போட்ட நாளிலிருந்து மாக்கிறட் அவனுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"தொடாதேங்கோ அக்கா. இது கலைப்படைப்பு."

"இது என்ர நெத்தலியடா."

"எனக்குத் தெரியும். பலகைக்குத் தெரியாதே."

மாக்கிறட் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்து மீனைப் பிரட்டத் தொடங்கினார். வான் வண்டியில் வந்திறங்கிய வெளிநாட்டவர்கள் கை தட்டினார்கள். இது தினமும் நடக்குமா என்று ஒரு வெள்ளைக்காரி கேட்டாள். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் என்றான் மில்ரன்.

அவர்களை அதிகம் கவர்ந்தது மீனுக்குக் கீழே கிடந்த சீலை. கம்பனியின் விளம்பரப் பதாகை அது. போன மாதம் சோழகக் காற்றில் பிய்ந்து வந்து விழுந்ததை மாக்கிறட் எடுத்து விரித்திருந்தார். மணல் ஒட்டாது, கழுவவும் சுகம். நீலத் தடாகத்தில் ஒரு சோடி சிரித்துக்கொண்டிருக்க, அவர்களுடைய முகத்தின் மேல் நெத்தலி காய்ந்தது.

விழாப் பொறுப்பாளர் சுவேதினி கொழும்பிலிருந்து வந்தவர். முதலீடு கடற்கரையை விழுங்குவதையும், கடற்கரை அதை மேலிருந்து மூடுவதையும் இந்தப் படைப்பு காட்டுகிறது என்று வந்தவர்களுக்கு விளக்கினார். மீன் கூடுதலாக மூடியது சிரிக்கிற வாயைத்தான் என்று மாக்கிறட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பனிக்காரர் பார்த்தால் திங்கட்கிழமை வேண்டாம், இன்றைக்கே துரத்திவிடுவார்கள்.

அன்று பின்னேரமே அவர் பஸ் பிடித்து விழாக் கந்தோருக்குப் போய் முறையிட்டார். சுவேதினி கதிரை போட்டு இருத்தி, சொன்னதையெல்லாம் மரியாதையாக எழுதிக்கொண்டார். மறுநாள் காலை பலகைக்குப் பக்கத்தில் மூன்று மொழியில் தொங்கியது: 'இது என்ர மீன். என்ர இடம். வழி விடுங்கோ.' அதற்கு முன்னால் நின்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார்.

சனிக்கிழமை விடிய முன்னமே மாக்கிறட் மீனை அள்ளிவிட்டுப் பதாகையைத் திருப்பிப் போட்டார். மறுபக்கம் வெறும் வெள்ளை. மத்தியானத்துக்குள் கம்பனி படைப்பைத் தணிக்கை செய்துவிட்டது என்ற செய்தி பரவியது. இரண்டு பத்திரிகைக்காரரும் ஒரு தொலைக்காட்சிக்காரரும் வந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிய, கம்பனி முகாமையாளர் அலெக்ஸாண்டர் கறுத்த வாகனத்தில் வந்திறங்கினார்.

"பிழையா நினையாதேங்கோ, ஐயா. மண் ஒட்டாதெண்டுதான் விரிச்சனான்."

முகாமையாளர் அவரைப் பார்க்கவில்லை. ஆறு கமராக்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "விமர்சனத்தை எங்கட கம்பனி எப்பவும் வரவேற்கும்" என்றார்.

அன்று மாலை ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்று பதினேழைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. மணம் காரணமாக அதை விமானத்தில் ஏற்ற முடியாது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார்கள். அருங்காட்சியகச் சுவரில் கம்பனியின் பெயர் பொறிக்கப்படும் என்றதும், முகாமையாளர் அவர்கள் நீட்டிய ஒப்பந்தத்தில் கமராக்களுக்கு முன்னால் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை வேலிக் கட்டைகளோடு லொறி வந்தது. மாக்கிறட் அரைகுறையாய்க் காய்ந்ததைச் சாக்கில் அள்ளத் தொடங்கினார். மில்ரன் கையை நீட்டி லொறியை மறித்து, சாரதியிடம் அந்த ஒப்பந்தத்தின் பிரதியைக் காட்டினான். சாரதி முகாமையாளருக்கு ஃபோன் எடுத்தான். அவர் அதை முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு லொறி திரும்பிப் போனது.

"என்னடா அதில கிடக்கு?"

"பதினேழாம் படைப்பெண்டால் காத்து, மணல், மீன், காயவிடுற ஏழு குடும்பம். முப்பது வருசத்துக்கு ஒண்டையும் அசைக்கக் கூடாதாம். கம்பனியே பொறுப்பு."

மாக்கிறட் அள்ளியதைத் திரும்ப மெல்லப் பரப்பினார். "இதைச் செய்தவர் நல்லாயிருக்கவேணும். ஆர் அவர்?"

"பதினேழாம் இலக்கக்காரர் ஜேர்மனியில. அவர் அனுப்பின பெட்டி இன்னும் நடுக்கடலில. பலகை சும்மா கிடந்தது. வெளிநாட்டுக்காரர் பாத்துக்கொண்டு நிண்டால் வேலி போட வெக்கப்படுவினம் எண்டு, புதன்கிழமை பின்னேரம் நான்தான் கொண்டுவந்து நட்டனான்."

மாக்கிறட் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, அந்த மனுசனுக்குத் தெரிஞ்சால்?"

"விழாக்காரர் அவருக்குப் படம் அனுப்பினவை அக்கா. தான் நினைச்சதைவிட நல்லா வந்திருக்கெண்டு எழுதியிருக்கிறார்."