பலகையில் ஏறிய பெரியம்மா

கிளியர் ஃபோர்க், அயோவா
நவம்பர், திங்கட்கிழமை

பெருமதிப்புக்குரிய ஆர்லிஸ் பெரியம்மாவுக்கு,

ஜானெல் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் வெர்ன் பெரியப்பாவின் குறட்டையும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

நேற்று தொலைபேசியில், “ஏன்டி, என் மூஞ்சியக் காட்டியா பந்து விளையாடுறீங்க? கடையில ஒருத்தன் கையெழுத்துக் கேக்குறான்டி!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். எனக்குக் கூச்சத்தில் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

என் கல்லூரிக் கட்டணத்துக்கு ஈடாக நான், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் நம் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பலகை பிடிக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று ஆட்டக்காரர்களுக்கு எல்லைக்கோட்டிலிருந்து படம் காட்ட வேண்டும். தவளை என்றால் இடப்பக்கம் ஓட வேண்டும், பூசணிக்காய் என்றால் பந்தை எறிய வேண்டும். பலகை முகத்தை மறைத்துவிடுவதால் எனக்குப் பிடித்த வேலை. எதிரணியை ஏமாற்ற அர்த்தமில்லாத படம் ஒன்றும் வேண்டும் என்று கோச் ஹால்வர்சன் கேட்டார். என்னிடம் இருந்தது, போன வருட நன்றி நாள் விருந்தில் வான்கோழிக் கத்தியோடு நீங்கள் பெரியப்பாவை முறைக்கும் படம்தான். பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினேன்.

ஒன்பது ஆட்டமும் தோற்றோம். பத்தாவதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாகக் கல்லூரி சொல்லிவிட்டது. அணி போனால் என் வேலை போகும், வேலை போனால் கடைசிப் பருவம் படிக்காமல் நான் ஊர் திரும்ப வேண்டும். சனிக்கிழமை பனியும் மழையும் சேர்ந்து கொட்டியதில் தவளை கரைந்தது, பூசணிக்காய் வழிந்தோடியது, கடைசி நிமிடத்தில் நான்கு புள்ளி பின்தங்கி நிற்கும்போது உறை போட்ட நீங்கள் மட்டும்தான் மிச்சம். “கோச், பெரியம்மாதான் இருக்காங்க” என்றேன். “அவங்களையே தூக்கும்மா, எனக்கு வேற யாரு இருக்கா!” என்றார். தூக்கினேன். உங்கள் படத்துக்கு அர்த்தமில்லை என்று கண்டுபிடித்து வைத்திருந்த எதிரணி, நிஜப் படம் வரட்டும் என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் பையன் கோல்பி மட்டும், “அந்தம்மா முறைக்குதுடா, எதையாவது செய்யுங்கடா!” என்று அலறிப் பந்தை வாங்கினான், வாங்கிய வேகத்தில் நழுவவிட்டான். பந்தைத் தொட்டே பழக்கமில்லாத குண்டு ஒட்டோ அதை அள்ளிக்கொண்டு, “இப்ப நான் எங்க போகணும்?” என்று கேட்டபடியே ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். அதற்கு ஆறு புள்ளி. ஜெயித்துவிட்டோம், பெரியம்மா! அன்று இரவே பலகையோடு உங்கள் முகம் தொலைக்காட்சிச் செய்தியில் வந்துவிட்டது.

கல்லூரி வாசலில் என்னை இறக்கிவிட்ட அன்று, “பேச வரலைன்னா பேசாத. படிக்காம மட்டும் திரும்பி வந்துறாத” என்று ஒரு பார்வை பார்த்தீர்கள். பலகையில் இருந்ததும் அதே பார்வைதான். அணி பிழைத்தது, வசந்தத்தில் நான் பட்டம் வாங்குவேன். நம் வீட்டில் முதல் ஆள். அது உங்களால்தான் என்று நேரில் சொல்ல எனக்கு வராது. இங்கே சொல்லிவிட்டேன். மிக்க நன்றி.

படத்தைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். இனி அதை யாரும் பார்க்க மாட்டார்கள். இது சத்தியம்.

பெரியப்பாவுக்கும் நாய்க்கும் என் அன்பு.

உங்கள் பிரியமுள்ள
ஜானெல்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனபோது கோச் வந்தார். அடுத்த வருட ஆட்டங்களுக்கு மைதான வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு உங்கள் படம் வைக்கப்போகிறார்களாம். பழைய படம் அவ்வளவு பெரிதானால் தெளிவாக இருக்காது என்று வியாழக்கிழமை நம் வீட்டு நன்றி நாள் விருந்துக்கு அவரே கேமராவோடு வருகிறார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தயவுசெய்து அன்று சிரித்துவிடாதீர்கள்.