காற்றே ஓட்டும் படகும் எக்ஸ்போர்ட் லைக்ராவும்

மண்ணரை,
திருப்பூர்.

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா அப்புசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். கொச்சிக் கடலே கதி என்று கிடப்பவளுக்குச் சுகத்துக்கு என்ன குறை?

உன் பாய்மரப் படகில் ஏறிய என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கரை மறைந்ததும் நீ சுக்கானை விட்டுவிட்டு பன் தின்ன உட்கார்ந்தாய். "ஏங் கண்ணு, வண்டிய யாரு ஓட்டறது?" என்று அலறினேன். பின்னால் நட்டிருந்த துணிச் சட்டத்தைக் காட்டி, "காத்தே ஓட்டுமுங்கப்பா. சட்டம் காத்துல சாயும், கயித்த இழுக்கும், கயிறு சுக்கானத் திருப்பும்" என்றாய். காற்று திசை மாறினால் படகும் அதன் பின்னாலேயே போகுமாம். முப்பது வருஷம் பனியன் கம்பெனியிலிருந்து கையை எடுக்காதவனிடம் சொல்கிற பேச்சா இது? எட்டிச் சுக்கானைப் பிடித்தேன், படகு திரும்பியது, பாயின் அடியில் கட்டியிருந்த குறுக்குக்கட்டை சுழன்று வந்து மண்டையைப் பதம் பார்த்தது, விழுந்த வேகத்தில் சட்டத்துத் துணியும் கிழிந்தது. அதற்கும் நீ சிரித்தாய்.

கிழித்தவன் தைத்துத் தர வேண்டாமா? ஊர் வந்ததும் எக்ஸ்போர்ட் லைக்ராவில் தைக்கச் சொன்னேன். கட்டிங் மாஸ்டர் காசிமாயன், "மொதலாளி, இது இழுத்தா நீளுற பனியன் துணி, காத்துக்கு நிக்காது" என்றான். "எனக்கே துணி சொல்லித் தர்றியா?" என்று அவன் வாயை அடைத்து, தைத்ததை உனக்கு அனுப்பியும் வைத்தேன். நீ போனில் சொன்னது இன்னும் எரிகிறது: "துணி தொப்பையாட்டம் தொங்கிப்போச்சுங்கப்பா. படகு சுத்திச் சுத்தி ஒரே எடத்துல நின்னுச்சு. மீன்காரங்கதான் கட்டி இழுத்துட்டு வந்தாங்க." பனியன்காரன் மானம் மலையாளக் கரை வரைக்கும் கப்பலேறிவிட்டது.

போதும். படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊடு வந்து சேர். கம்பெனிக்கு நீதான் வாரிசு. உன் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். தை பிறப்பதற்குள் வராவிட்டால் எனக்கு மகளே இல்லை. வயிறெரிந்துதான் எழுதுகிறேன்.

அவிநாசியப்பன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: படகை விற்றுவிடாதே. வாரிசு, நாற்காலி என்று எழுதியதெல்லாம் வீறாப்பு. ஆர்டர் நின்று, கம்பெனியைப் போன மாதமே மூடிவிட்டேன். மிஷின்களும் போய்விட்டன. உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தினமும் டிபன் கேரியரோடு கிளம்பிப் போய், வெறும் ஷெட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்புகிறேன். வந்தால் நீ அதைத்தான் பார்ப்பாய், கண்ணு. வராதே.