உபயம் டீச்சரும் நாலு மைக்ராஸ்கோப்பும்

கொடுக்கிறவரே நன்றியும் சொல்லிப் போகும்படி கேட்கத் தெரிந்தவர் கோவை ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. அசல் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும். ஊருக்கு அவர் உபயம் டீச்சர்.

புதுமனை புகுவிழாவுக்குப் போவார், பாயசம் குடிப்பார், மிச்சமான கிரானைட் பலகையோடு திரும்புவார். மறுநாள் அது ஆய்வக மேஜையாகியிருக்கும். கருமத்தம்பட்டி தறிக்காரர்கள் அவருடைய ஸ்கூட்டரைக் கண்டாலே பின்வாசலைத் தேடுவார்கள். தமிழாசிரியனான நானும் தப்பவில்லை. என் டேபிள் ஃபேனும் என் மனைவியின் குக்கரும் ஒன்பதாம் வகுப்பில்தான் இருக்கின்றன. நீராவிப் பாடத்துக்காம்.

அவருக்கு ஒரே ஒரு தவிப்பு இருந்தது. எங்கள் பிள்ளைகள் வெங்காயத் தோலின் செல்லைப் புத்தகப் படத்தைப் பார்த்தேதான் வரைவார்கள். தான் ஓய்வு பெறுவதற்குள் ஒரு வகுப்பாவது அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நடையாய் நடந்து ஒரு தறி முதலாளியைச் சம்மதிக்க வைத்தார். நாலு மைக்ராஸ்கோப், அவருடைய அப்பா பெயரில் உபயம்.

விழாவில் பொன்னாடையெல்லாம் முடிந்து, முதல் மாணவி குனிந்து பார்த்தாள். இருட்டு. நாலிலும் இருட்டு. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது: அப்பா பெயரை எழுத முதலாளி அழைத்தவர் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதிப் பழகிய பெயிண்டர். வெளிச்சத்தை மேலே அனுப்பும் குட்டிக் கண்ணாடியில் சிவப்பு எனாமலால் பெயரை எழுதி, இடம் போதாமல் பின்பக்கம் ஊர்ப் பெயரையும் எழுதியிருந்தார்.

டீச்சர் கோபிக்கவில்லை. முதலாளியையே ஸ்டூலில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார்.

"ஒண்ணுமே தெரியலீங்க டீச்சர்."

"உங்கப்பாரு வெளிச்சத்தை மறைச்சுட்டு நிக்கிறாருங்க. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

முதலாளி தன் கையாலேயே பிளேடால் பெயரைச் சுரண்டினார். மறுபடி குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. செங்கல் அடுக்கின மாதிரி இருக்கிறதென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பேரு வேண்டாமுங்க டீச்சர்" என்றார் கடைசியில். "இன்னும் நாலு வாங்கிக் குடுத்துப்போடறனுங்க."

அந்த வருஷம் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் தாங்கள் பார்த்ததையே வரைந்தார்கள். அந்த நோட்டுகளைப் பார்த்தபோது, இந்தப் பள்ளியில் நானும் ஒரு வாத்தியார் என்று மார்தட்டிக்கொள்ளத் தோன்றியது.

டீச்சர் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. போன மாதம் புது டேபிள் ஃபேன் ஒன்று வாங்கினேன். தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் அதைக் கையில் எடுத்துக்கொண்டே வாசலுக்கு ஓடுகிறேன்.