ஒன்டூ மாஸ்டர் பேர் வைத்த ஆட்டம்

அன்று மைதானத்தில் நின்றவர்களைச் சொல்கிறேன். முதலில் ஆட்ட வாத்தியார் முத்தையா. அவருக்குப் பின்னால் அவர் மச்சினன் காளி. தறிக்குப் பாவு ஓட்டும் ராமர். டீக்கடை சுப்பு. அண்ணன் தம்பி இரண்டு பேர்; இரண்டு பேருக்கும் கருப்பையா என்றே பேர், பெரியவன், சின்னவன். லோடு ஏற்றும் மாரி. கடைசியில் நான். ஒயிலாட்டத்துக்கு வரிசை கட்டி நின்றோம். எட்டுப் பேர்.

கயிற்றுக்கு வெளியே, கழுத்தில் இஞ்சு டேப்போடு ஒன்டூ மாஸ்டர். அவரை எண்ணவில்லை. டெய்லரை யார் எண்ணுவார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும், அடுத்தவன் காலைப் பற்றி அவரைப் போலக் கவலைப்பட்ட ஆள் கிடையாது. எலும்பு முறிவு வைத்தியர்கூட அடுத்தபடிதான்.

பம்பாயில் ஒரு டான்ஸ் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருசம் உடுப்புத் தைத்தவர். அங்கே பாலே என்று ஒரு ஆட்டமாம். வெள்ளைக்காரர்கள் நுனிக்காலில் ஆடுவது. ஊர் திரும்பி, எங்கள் தறிக்கூடத்துக்கு எதிரே கடை போட்டார். வேதக்காரர். கத்தரி எடுக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணித்தான் வெட்டுவார். டீ குடித்தாலும் எண்ணித்தான் குடிப்பார்.

அவரிடம் பேண்ட் தைக்கப் போனால் முதலில் பிளியே போட வேண்டும். குதிகால் தரையில் இருக்க, முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் மடங்க, முதுகு வளையாமல் இறங்குவது. இறங்கினால்தான் அளவெடுப்பார். இறங்கும்போது பேண்ட் கிழிந்துவிடக் கூடாதாம். ஒரு தடவை, மறுநாள் தாலி கட்டப்போகிற மாப்பிள்ளையை ஆறு தரம் இறக்கினார். ஏழாவது தரம் மாப்பிள்ளையால் எழுந்திருக்க முடியவில்லை. மாமனார் வந்து தூக்கிவிட்டார்.

"மாஸ்டர், கல்யாணம் நிக்கப் போகுது."

"நிக்கட்டும். தையல் நிக்கணும்ல."

திருச்சுழி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தைக் குறுக்கே வைத்து. கேட்டால் மூணாவது பொசிசன் என்பார். பாலேயில் பாதம் வைக்க ஐந்து பொசிசன் உண்டாம். ஒரு நாள் டிரைவர் குறுக்கே வந்த ஆட்டுக்குப் பிரேக் போட்டார். மாஸ்டர் ஒற்றைக் காலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வீரசோழன் சந்தைக்குப் போகும் வியாபாரி ஒருவர் மடியில் போய் உட்கார்ந்தார்.

"இதுக்குப் பேரு பிருவெட்டு. கை சரியா வரலை" என்றார்.

"எந்திரிங்க மாஸ்டர், முட்டை இருக்கு" என்றார் வியாபாரி.

இனி எங்கள் கதை. ஊர்ப் பொங்கலுக்குச் சாமிக்கு முன்னால் எங்கள் வரிசைதான் ஆடும். போன வருசம் டவுன் போட்டியில் என் இடது கால் முந்தியது. மாரி மேல் மோதினேன். மாரி சின்னவன் மேல். வாத்தியார் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எட்டுப் பேரும் மண்ணில்.

ஊர்த் தலைவர் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "இந்த வருசமும் மானத்த வாங்குனீகன்னா, பொங்கலுக்குப் பக்கத்து ஊரு செட்டக் கூட்டிருவேன்."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தால் மிதிப்பலகைகூடத் தப்பியது.

அந்த நேரத்தில் போட்டிக்காரர்கள் ஒரு தாள் அனுப்பினார்கள். ஆடுவோர் எத்தனை பேர், அடவுகளின் பேர் என்ன, எழுதிக் கொடு என்று.

வாத்தியாருக்குக் கோபம். "பேரு என்னலே பேரு? குனியுறது, எம்புறது, சுத்துறது. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் வாரது."

எங்கள் யாருக்கும் எழுத்து ஓடாது. தாளை எதிர்க்கடைக்குக் கொண்டுபோனேன். மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டார்.

"பேரில்லாமயா இத்தன வருசம் ஆடுனீக? அதான் காலு தப்புது. பேரு இருந்தா கூப்பிட்டா வரும்லய்யா."

அன்றே பேர் வைத்தார். குனிந்து இறங்குவது பிளியே. பரதத்தில் அதையே அரைமண்டி என்பார்களாம். கைத்துணியை வீசி நுனிக்காலில் எம்புவது ரெலெவே. ஒரு கால் இன்னொரு காலை விரட்டிக்கொண்டு போவது ஷாஸே. சுற்றுவது பிருவெட்டு. மூன்று எண்ணிக்கைக்கு அசைவது வால்ஸ். அது துரைமார் ஜோடி ஆட்டம். பாதத்தைத் தட்டுவதற்கு மட்டும் தட்டடவு. "பரதத்துக்காரவுக கோவிச்சுக்கக் கூடாது" என்றார். கடைசியாக இன்னொன்று எழுதினார். பா த தூ. இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது.

"அது நம்ம ஆட்டத்துல இல்லையே மாஸ்டர்."

"இருக்கட்டும். தாள் காலியா இருக்குல்ல."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தினமும் வேலை விட்டதும் அவர் கடையில், காஜா போடும் பெஞ்சுக்குப் பக்கத்தில், ஏழு அடவின் பேரையும் சொல்லிச் சொல்லி ஆடினேன். பக்தியால் அல்ல. பயத்தால்.

"நீங்க ஆடிக் காட்டுங்க மாஸ்டர்" என்றேன் ஒரு நாள்.

"நான் ஆடுனதில்லய்யா. திரைக்குப் பின்னால இருந்து பார்த்ததுதான். டெய்லர எவன் மேடையில ஏத்துவான்" என்றார். பிறகு ஊசியில் நூல் கோத்தார். அன்று எண்ணவில்லை.

போட்டி நாள். நடுவராக மதுரையிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். புது விதி போட்டார். தாளில் இருக்கும் பேரை அவர் இஷ்டத்துக்குக் கூப்பிடுவார். கூப்பிட்டதை ஆட வேண்டும்.

தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"ரெலெவே" என்றார் மைக்கில்.

வாத்தியார் அசையவில்லை. பெரிய கருப்பையா, "யாரைக் கூப்பிடுறாக?" என்றான். தலைவர் முன்வரிசை நாற்காலியில் இருந்தார். கயிற்றுக்கு வெளியே பார்த்தேன். மாஸ்டர் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

நான் எம்பினேன். துணியை வீசினேன். மாரி என்னைத் திரும்பிப் பார்த்து எம்பினான். பிறகு சின்னவன். அப்படியே வாத்தியார் வரைக்கும் போனது. போன வருசம் விழுந்த அதே வழியில்.

வால் தலையானது. ஷாஸே என்றார், விரட்டினோம். பிளியே, இறங்கினோம். தட்டடவு, வால்ஸ், பிருவெட்டு. வாத்தியார் வாழ்க்கையில் முதல் தடவையாக என் காலைப் பார்த்து ஆடினார். வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் ஆடினார்.

"பா த தூ" என்றார் டீச்சரம்மா. "ரெண்டு பேர் வாங்க."

நான் முன்னால் போனேன். மாரியைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான். காளி துணியை மடித்தான். தவில் சும்மா தட்டிக்கொண்டிருந்தது. நான் தனியாக நின்றேன்.

கயிறு தூக்கப்பட்டது. இஞ்சு டேப்போடு மாஸ்டர் உள்ளே வந்தார். மூணாவது பொசிசனில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"ஒன், டூ" என்றார்.

ஆடினோம். அவர் பம்பாயை ஆடினார், நான் எங்கள் ஊரை ஆடினேன். நடுவில் டேப்பு என் கழுத்தையும் சேர்த்துச் சுற்றிவிட்டது. பிரிய முடியாமல் இன்னும் ஒரு சுற்று ஆடினோம். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

முடிந்ததும் டீச்சரம்மா கூப்பிட்டார். "தாள்ல எட்டுப் பேர்னு இருக்கு. எழுதாத ஆள் ஆடினா பரிசு கிடையாது. இவர் யாரு?"

மாஸ்டர் முந்திக்கொண்டார். "டெய்லருங்கம்மா. வேட்டி அவுந்துச்சு, சரி பண்ண வந்தேன். ஆட்டக்காரவுக எட்டுப் பேருதான்."

அவர் கால் ஏற்கெனவே கயிற்றுக்கு வெளியே போயிருந்தது. டீச்சரம்மா என்னைப் பார்த்தார். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும்.

"வேட்டி அவுரலம்மா. அவுகளும் ஆடுனாக" என்றேன்.

பரிசு பக்கத்து ஊருக்குப் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் ஏழு பேரும் என்னை விட்டு முன்பக்கம் போய்விட்டார்கள். மாஸ்டர் மட்டும் பக்கத்தில் வந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைவர் ஆள் அனுப்பினார். ஏழு பேரும் என்னை முன்னால் தள்ளினார்கள். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். ஆடுகிறவர்களுக்கு ஊர் சார்பில் ஆளுக்கொரு வேட்டி எடுத்துக் கொடுப்பது வழக்கம்.

"கப்பு வாங்கலைன்னாலும் மானம் வாங்கலைல. நீங்களே ஆடுங்க" என்றார். "இன்னைக்கு ஜவுளி எடுக்க டவுனுக்குப் போறேன். எத்தனை வேட்டிலே?"

வாத்தியார் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"ஒன்பது" என்றேன்.