சதுரடி அண்ணன் ஊரையே ஏலத்தில் விட்ட கதை

எம்.எல்.ஏ.வைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கி நிற்பதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜனங்களில் ஒருவரைப் பார்த்து எம்.எல்.ஏ.க்கள் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் கல்யாண மண்டபத்தின் பின்வாசல் வழியாக ஓடியது, உலகத்திலேயே எங்கள் போடிநாயக்கனூரில் மட்டும்தான். அந்த ஒருவர் சதுரடி அண்ணன்.

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதைக் கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. கடை, கிடங்கு, வணிக வளாகம் இவற்றை வாடகைக்கும் விலைக்கும் முடித்துக்கொடுக்கிற தரகர் அவர். எதையும் சதுர அடியில் சொன்னால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும். இடுப்பில் எந்நேரமும் ஒரு அளவு டேப்பு செருகியிருக்கும். ‘சதுரடியார் வந்திருக்கார்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வெளியூர் அம்மா ஒருவர் சிவனடியார் என்று நினைத்து அவர் காலில் விழுந்திருக்கிறார். அவரும் ஆசீர்வாதம் செய்துவிட்டு, “சொந்த எடமா ஆத்தா, வாடகையா?” என்று விசாரித்தார்.

ஒரு சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டார் அவரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். “ரோட்டு முகப்பு பிரமாதம். உள்ளதான் ஆழம் பத்தாது” என்றார். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. இழவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது. “நம்ம ஆளு கடைசியா ஒரு எடம் புடிச்சுட்டாரு பாருங்க, பத்திரச் செலவே கெடையாது” என்று துக்கம் விசாரிப்பார். பக்கத்து ஊர் தேவாரத்தில் யானை புகுந்து தென்னையை முறித்துப்போட்டபோது, ஊரே வனத்துறையைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும், “யானை வந்து போக எவ்வளவு எடம் வேணும்னு சொல்லுங்க, காட்டோரமா வேற பக்கம் பேசி முடிச்சு விடுறேன்” என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. டேப்பை எடுத்துவிட்டார்.

இத்தனை பேசியவருக்குச் சொந்தமாக ஒரு சதுர அடி கிடையாது. பஜாரில் மாடியில் ஒரு வாடகை அறை. கேட்டால், “சக்கரை வியாதிக்காரன் அல்வாக் கடை வச்சிருக்கான்னு நெனச்சுக்க அப்பு” என்பார்.

எங்கள் ஊரில் கட்டடக்காரர் சங்கம் ஒன்று உண்டு. கடைகளையும் கிடங்குகளையும் வாடகைக்கு விட்டிருப்பவர்களின் சங்கம். சென்னையில் கட்டடங்களைப் பற்றி ஏதாவது சட்டம் வரப்போகிறது என்று மூக்கில் வேர்த்தால், எம்.எல்.ஏ.க்களைப் பிடித்து முறையிடுவது அதன் வேலை. ஆனால் உறுப்பினர்கள் எம்.எல்.ஏ. முன்னால் போனால் சால்வை போடுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், வந்த சோலியைச் சொல்லாமலே திரும்பிவிடுவார்கள். பஸ் ஏறிய பிறகுதான் நினைவு வரும். கடைசியில் சங்கத் தலைவர் ராவுத்தர் இந்த வேலையைச் சதுரடி அண்ணனிடம் விட்டார்.

அண்ணனின் வழிமுறையே தனி. அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கவே மாட்டார். “அங்க அவருக்கு எந்திரிச்சுப் போக வழி இருக்கு. வழி இல்லாத எடமாப் பாத்துப் புடிக்கணும்” என்பார். மணமேடைதான் அவருக்குப் பிடித்த இடம். மொய்க் கவரோடு எம்.எல்.ஏ. மேடையேறி, வீடியோ விளக்கு எரிந்ததும், அண்ணன் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்வார்.

“சிரிங்கய்யா, வீடியோ ஓடுது. இந்தக் கட்டட உயர விதி இருக்கு பாருங்க...”

“யோவ், கைய விடுய்யா” என்று எம்.எல்.ஏ. சிரித்துக்கொண்டே சொல்வார்.

“விடுறேன்யா. மாடிக்கு மேல மாடி கட்டுனா என்னங்கய்யா தப்பு?”

எங்கள் ஊர்க் கல்யாண வீடியோக்களை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும், மாப்பிள்ளையும் பெண்ணும் தள்ளித்தான் நிற்பார்கள். எம்.எல்.ஏ.வும் சதுரடியும் கைகோத்து நிற்பார்கள்.

அடுத்த இடம் போடிமெட்டு மலைப்பாதை. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு ஒன்றில் முன்கூட்டியே ஏறிப் போய், ஒரு கொண்டை ஊசி வளைவில் இறங்கி நிற்பார். எம்.எல்.ஏ.வின் கார் வளைவில் மெதுவாகத் திரும்பும்போது கண்ணாடியைத் தட்டி, “ஐயா, ஒரே ஒரு விசயம்” என்பார். கார் நிற்காமல் ஏறிவிடும். இவர் ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏறி, அடுத்த வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டே, “அதாங்கய்யா, அந்த விசயத்துல...” என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மேலே சோதனைச் சாவடி வருவதற்குள் ஒரு விஷயத்தை முடித்துவிடுவார். அடிவாரத்தில் நின்றுகொண்டே மேல் வளைவில் போகும் கார் எந்தக் கட்சிக்காரருடையது என்று சொல்லுகிற கண் அவருக்கு. இந்தக் கண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். ராவுத்தருடைய ஏலக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் என் கடை. சாக்கு, சணல், கோணி ஊசி விற்கிறேன். வாசலில் நிமிர்ந்து நிற்கலாம், உள்ளே போகப்போகக் குனியவேண்டும். கடைசியில் தவழவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு, நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவனுக்கு, இதைவிடப் பொருத்தமான கடை கிடைக்காது. என் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் படிக்கட்டு தந்த நிழலில்தான்.

ஏலக் கட்டடம் என்றதும் தவறாக நினைக்காதீர்கள். மற்ற ஊர்களில் ஏலம் என்றால் தண்டோரா போட்டு விற்பது. எங்கள் ஊரில் ஏலம் என்றால் ஏலக்காய். ஏலத்தோட்டம், ஏலக்கடை, ஏல வியாபாரி என்றுதான் எங்களுக்குப் பேசவே வரும். ஏலத்தை ஏலம் விடுவதும் உண்டு. எங்களுக்கு அதில் குழப்பமே வந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் வணிகக் கட்டடங்களுக்குப் புதிய விதிகள் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. இரண்டு விதிகள் எங்கள் பஜாரை உலுக்கின. ஒன்று, ஒவ்வொரு கட்டடத்திலும் கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்த இடம் விடவேண்டும். இது கட்டடக்காரர்களுக்கு இடி. இரண்டாவது, மாடிப்படிக்கு அடியில் எந்தக் கடையும் இருக்கக் கூடாது. இது எனக்கு.

ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு வந்த சட்டமன்றக் குழு எங்கள் ஊருக்கும் வருவதாக இருந்தது. ஊருக்கு ஒரு கோரிக்கைதான் கேட்பார்களாம்.

“மாப்ளே, பார்க்கிங்கை மட்டும் பேசு. வேற எதையும் வாயில எடுக்காதே” என்றார் ராவுத்தர்.

“மாடிப்படிக் கடைங்க, மாமா?” என்றார் சதுரடி அண்ணன்.

“அதைப் பெறகு பாத்துக்குவோம்.”

‘பெறகு’ என்று ஒரு கிழமை இல்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கடைப்பக்கம் வந்து நின்றதும் வாயில் வந்தது இதுதான்:

“அண்ணே, சணல் வேணுமா?”

“எனக்கெதுக்கு அப்பு சணலு? எவன் வாயைத் தைக்க?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், என் பொழைப்பு போயிற்று என்று சாக்குகளை எண்ணாமலே அடுக்க ஆரம்பித்தேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. குழு மூணாறில் ஆய்வை முடித்துக்கொண்டு மலையிறங்கி வந்தது. மூணாறு கேரளாவில் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், ஆய்வுக்கு எல்லை கிடையாது. வட மாவட்டத்தைச் சேர்ந்த குழுத் தலைவர் வளைவுகளில் குடல் புரண்டு, பச்சை முகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சதுரடி அண்ணன் முதல் வேலையாகச் சட்டைப்பையிலிருந்து நாலு ஏலக்காயை எடுத்து அவர் வாயில் போட்டார். எந்தப் பெரிய மனிதரைப் பார்த்தாலும் அண்ணன் செய்வது இது. மெல்லுகிற வாயால் குறுக்கே பேச முடியாது என்பது அவர் கணக்கு.

“ஐயா, இங்க நீங்க பாக்குறது பூராம் ஏலக் கட்டடங்க” என்று ஆரம்பித்தார்.

மென்றுகொண்டிருந்த தலைவர் நிறுத்தினார். “பூராவுமா?”

“பஜாரு பூராவும்யா. எங்க பாட்டன் காலத்துல இருந்து ஏலந்தான்.”

“மூணு தலைமுறையாவா? மீட்கவே முடியலையா?”

“எதுக்குங்கய்யா மீக்கணும்? ஏலத்தாலதானே சோறு திங்கிறோம்.”

தலைவர் பக்கத்து உறுப்பினரைப் பார்த்தார். அந்த அம்மா உச்சுக்கொட்டினார்.

“இப்பவும் ஏலத்துலதான் இருக்கா?”

“இப்பத்தான்யா ரொம்ப. ஆனா மழை புடிச்சுட்டா கஷ்டம். காத்தாட வைக்கலேன்னா ஏலம் பூத்துரும்.”

“ஏலம் எப்படிய்யா பூக்கும்?”

“வெள்ளையாப் பூக்கும்யா.”

“எந்த பேங்க்கு இப்படிப் பண்ணுது?” என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

அப்போதுதான் அண்ணனுக்கு விளங்கியது. பல வருடம் பூட்டிக்கிடந்த கடைக்கு ஆள் வந்ததுபோல அவர் கண் ஒரு மின்னு மின்னியது. திருத்திச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“சரிய்யா, இவ்வளவு நொடிச்ச ஊரை நான் பார்த்ததே இல்ல. உங்க ஊருக்கு ஒரே ஒரு கோரிக்கை. சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார் தலைவர்.

முன்வரிசையில் ராவுத்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊர் சார்பில் ஒருவர்தான் பேசலாம் என்பதால், இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். பார்க்கிங்காம். அண்ணன் கவனிக்கவில்லை என்றதும் ஹாரன் வேறு அடித்தார்.

“அவருக்கு என்ன பண்ணுது?” என்றார் தலைவர்.

“கட்டடக்காரருங்கய்யா” என்றார் அண்ணன்.

“பாவம்” என்றார் அந்த அம்மா.

அண்ணன் ராவுத்தரைப் பார்த்தார். அப்புறம் மண்டபம் முழுக்கப் பார்த்தார். கடைசித் தூணுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். தூணை டேப்பு வைத்து அளக்கிறவர்போல அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கட்டடக்காரவுக எப்படியும் பொழச்சுக்குவாகய்யா. மாடிப்படிக்கு அடியில சின்னச் சின்னக் கடையா வச்சிருக்கானுக, அவனுக வாயில்லாத பயலுக. அவனுகளை மட்டும் எழுப்பி விட்டுறாதீக. அது ஒண்ணு போதும்.”

ராவுத்தரின் ஸ்டியரிங் பாதித் திருப்பத்தில் நின்றுவிட்டது.

விதிகள் வந்தன. அடுப்பும் கேஸும் வைக்காத சின்னக் கடைகள் பழைய கட்டடங்களில் மாடிப்படிக்கு அடியில் இருந்துகொள்ளலாம். பார்க்கிங் விதி ஒரு எழுத்து மாறவில்லை. ராவுத்தர் தன் கீழ்க் கிடங்கைக் காலி செய்து வண்டிகளுக்கு விட்டார். அங்கே பெரும்பாலும் நிற்பது அவருடைய ஸ்கூட்டர்தான். ஒரு மண்டபம் அளவு இடத்தில் நடுநாயகமாக நிற்கும்.

அதோடு போகவில்லை. போடியில் ஊரே ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, அடிமாட்டு விலைக்குக் கட்டடம் வாங்க வெளியூர் ஆட்கள் காரில் வந்து இறங்கினார்கள். அண்ணன் அவர்களை மரியாதையாக அழைத்துப்போய் ஏலக்காய் ஏலத்தில் உட்கார வைத்தார். அதில் ஒருவர் பாதியில் கையைத் தூக்கி, கட்டடத்துக்குப் பதிலாக மூட்டை மூட்டையாக ஏலக்காயோடு ஊர் திரும்பினார்.

சங்கக் கூட்டத்தில் ராவுத்தர் கொதித்தார். “எம்புட்டு நேரம் ஸ்டியரிங்கைத் திருப்புனேன்! ஹாரனும் அடிச்சேனே மாப்ளே!”

“பஸ்சுக்கு நேரமாச்சு, வெரசா முடின்னு சொல்றீகன்னு நெனச்சேன் மாமா. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்றார் அண்ணன்.

அந்தக் கண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சங்க வேலையிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் அவர் ஆபீஸ். கடையில் பாதியை அவரே அடைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் வந்தால் அவரைத் தாண்டித்தான் ஊசியைக் கொடுக்கவேண்டும். ஊசி வாங்க வந்தவரிடம், “கீழ ஒரு கடை வருது, முகப்பு நல்லா இருக்கு” என்று ஆரம்பித்துவிடுவார். பாதிப் பேர் ஊசி வாங்காமலே போனார்கள். ராவுத்தரும் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு, “மாப்ளே, டீ குடிச்சியா?” என்று படியேறும்போதே கேட்க ஆரம்பித்தார்.

ஒருநாள் துணிந்து பேச்செடுத்தேன். “அண்ணே, அன்னைக்கு மண்டபத்துல...”

“என்ன அப்பு, சணல் வேணுமா?” என்று என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். நான் சாக்குகளை எண்ணி அடுக்க ஆரம்பித்தேன்.

இப்போது அண்ணன் இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் நான் சரக்கு வைப்பதில்லை. இவ்வளவு சின்னக் கடையில் அந்த இடத்தை ஏன் சும்மா போட்டிருக்கிறாய் என்று கேட்கிறவர்களிடம், அது பார்க்கிங் என்று சொல்லிவிடுகிறேன்.